கண்மாய்க்கு மேலே நடந்து பாருங்க

இயற்கை விவசாயக் கூட்டம் எங்கே நடந்தாலும், கேள்வி நேரம் வந்தால் முதல் கை தூக்குகிறவர் கேட்பது ஒன்றாகத்தான் இருக்கும். ஏக்கருக்கு எத்தனை லிட்டர் ஜீவாமிர்தம், எத்தனை நாளைக்கு ஒரு தடவை? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் 'என் வயலுக்கு வருகிற தண்ணி எந்தப் பாறையில் விழுந்து, எந்த மேட்டில் உருண்டு, எந்த ஓடையில் இறங்கி வருது?' என்று ஒருத்தர் எழுந்து கேட்டு நான் பார்த்ததில்லை. மண்புழு வரைக்கும் வந்துவிட்டோம், மலை வரைக்கும் போகவில்லை.

என் கட்சி இதுதான். இயற்கை வழி உழவு செய்கிற ஒவ்வொருத்தரும் வருஷத்தில் ஒரு நாள், அடைமழை ஓய்ந்து புல் நிற்கும்போதே, தன் கண்மாயின் மடையில் நின்று, தண்ணி வருகிற திசைக்கு எதிராக மேலே நடக்க வேண்டும். கண்மாய், அதற்கு மேலே மேய்ச்சல் வெளி, அதற்கு மேலே புதர்க்காடு, அதற்கு மேலே பாறை. காலையில் கட்டுச்சோற்றோடு கிளம்பினால் பொழுது சாய வீட்டுக்கு வந்துவிடலாம். இதை உல்லாசத்துக்காகச் சொல்லவில்லை. உழவு, களையெடுப்பு மாதிரி இதையும் விவசாய வேலையில் ஒன்றாகக் கணக்கு வைக்கணும் என்கிறேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு மேலூர் பக்கம் மூன்றரை ஏக்கரில் நெல்லும் எள்ளும் உளுந்தும். பயிர்க்கடன் கேட்டு வருகிறவரிடம் பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று எல்லாம் வாங்குவோம். விண்ணப்பத்தில் 'பாசன ஆதாரம்' என்று ஒரு கட்டம் இருக்கும். 'கண்மாய்' என்று எழுதினால் போதும், கட்டம் நிறைந்துவிடும். கண்மாய் நிறையுமா என்று கேட்க அங்கே கட்டம் கிடையாது. வங்கிக்கு அது வேண்டியதில்லை, ஜாமீனுக்கு நிலம் இருக்கிறது. அந்த நிலத்தில் இறங்கி நிற்கிறவனுக்கு வேண்டும்.

மேலூர் ஒருபோகப் பாசனம் என்ன நிலைமை என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1895இல் பென்னிகுவிக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்து, மேற்கே போன தண்ணீரைக் கிழக்கே திருப்பினார். 1959இல் வைகை அணை வந்தது. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம், 45,041 ஏக்கர். கள்ளந்திரிக்குக் கீழே எங்கள் மேலூர்ப் பகுதி ஒருபோகம், 85,563 ஏக்கர். அணையில் இருப்பு தேறினால்தான் மதகு திறக்கும். திறந்தாலும் கடைமடைக்கு வந்து சேரும்போது பாதி ஊர் நாற்றங்காலைக் காயவிட்டிருக்கும். திறக்காத வருஷமும் உண்டு. அந்த மாதிரி வருஷத்தில் வானமும் பக்கத்து மலையும்தான் கதி. அதனால்தான் மலையைப் பற்றிப் பேசுகிறேன்.

போன மார்கழிக் கடைசியில் நாங்கள் ஒன்பது பேர் அரிட்டாபட்டிக்குப் போனோம். மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். மேலூர் ரோட்டில் நரசிங்கம்பட்டியில் இறங்கி உள்ளே திரும்பணும். 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193.215 ஹெக்டேரை பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அதுதான் முதல். ஏழு குன்றுகள், 72 ஏரி குளங்கள், 200 இயற்கைச் சுனைகள், மூன்று தடுப்பணைகள் என்று அரசின் அறிவிப்பே சொல்லுகிறது. பறவைகளில் 250 வகை. லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, ராசாளிப் பருந்து என்று மூன்று வேட்டைப் பறவைகளை அதில் தனியாகப் பெயர் சொல்லியிருக்கிறார்கள். எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்பும் உண்டு.

ஆனைகொண்டான் கண்மாய்க் கரையில் ஏறினோம். பாண்டியர் காலத்தது என்கிறார்கள், 16ஆம் நூற்றாண்டு. அன்றைக்குத் தண்ணி நன்றாகவே நின்றது. எங்களில் மூன்று பேர் நேராக மடையைப் பார்க்கப் போனார்கள், இரண்டு பேர் கலுங்கைப் பார்க்கப் போனார்கள். விவசாயிகளைக் கூட்டிக்கொண்டு போனால் இதுதான் லாபம், யாரும் முதலில் செல்ஃபி எடுக்கப் போவதில்லை. ஒருத்தர் உள்வாயில் இறங்கி ஒரு கை வண்டலை அள்ளி, விரலில் உருட்டி, 'கரம்பை நல்லா இருக்கு' என்றார். அந்தக் கரம்பை எங்கிருந்து வந்தது என்பதுதான் அடுத்த மூன்று மணி நேரம் நாங்கள் ஏறிப் பார்த்தது.

கண்மாய்க்கு மேலே மேய்ச்சல் நிலம். கட்டுரையில் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் உட்காரப் போகிறேன், ஏனென்றால் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு கடக்கிற இடம் இது. காட்டைப் பார்த்தால் காடு என்கிறோம், தண்ணியைப் பார்த்தால் கண்மாய் என்கிறோம். நடுவில் இருக்கிற புல்வெளியைப் பார்த்தால் 'சும்மா கிடக்கு' என்கிறோம். வருவாய்த்துறைக் கணக்கில் இதற்கு மேய்க்கால் புறம்போக்கு, தரிசு, கல்லாங்குத்து என்று பெயர்கள். பெயரைக் கேட்டாலே எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும்.

மார்கழியில் அந்த வெளி எப்படி இருக்கும் தெரியுமா? கொழுக்கட்டைப் புல் பூட்டை விட்டு நிற்கும். ஊசிப்புல் வேட்டியெல்லாம் குத்திக்கொண்டு கூடவே வரும். அருகு பாய் விரித்த மாதிரி. இடையிடையே கொழுஞ்சி, ஆவாரை. எங்களோடு வந்த அக்கா ஒருத்தர் போகிற வழியெல்லாம் காய்ந்த கொழுஞ்சிக் காயை உருவி முந்தானையில் முடிந்துகொண்டே வந்தார். 'கடையில கிலோ என்ன விலை சொல்றான், இங்க பாருங்க, யாரும் விதைக்காம கிடக்கு' என்றார். நாம் பசுந்தாள் உரம் என்று பாடம் எடுக்கிற செடிக்கு இதுதான் தாய்வீடு.

அங்கே வெள்ளாடும் செம்மறியுமாக ஒரு மந்தையை ஒரு பெரியவர் மேய்த்துக்கொண்டிருந்தார். எங்களில் ஒருவர், புதிதாகப் பண்ணை தொடங்கியிருக்கிற இளைஞர், ஆர்வத்தில் சொன்னார்: 'அய்யா, இவ்வளவு பொட்டல் கிடக்கே, பத்தாயிரம் மரக்கன்னு நட்டா எப்படி இருக்கும்!' பெரியவர் சிரிக்கக்கூட இல்லை. 'தம்பி, நீங்க பொட்டல்ங்கிறீங்க. எனக்கு இது சோத்துப்பானை. பானைக்குள்ள மரம் வைப்பீங்களா?' என்றார்.

கணக்குப் போடுகிற புத்தி எனக்குப் போகாது. ஒரு செம்மறி ஒரு ராத்திரிக்கு அரைக் கிலோ புழுக்கை போடும் என்று வைத்துக்கொள்ளுங்கள், மூத்திரத்தைத் தனியாக விட்டுவிடுங்கள். 500 ஆட்டை ஒரு ராத்திரி வயலில் கிடை அமர்த்தினால் கால் டன் எரு. ஏற்றுக்கூலி இல்லை, இறக்குக்கூலி இல்லை, ஆடே நடந்து வந்து போட்டுவிட்டுப் போகிறது. ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம் என்று நம்ம ஆட்கள் சும்மாவா சொன்னார்கள்? அந்த எருவுக்கு மூலப்பொருள் எங்கே இருக்கிறது? இந்தப் 'பொட்டலில்'. பகலெல்லாம் ஆடு இங்கே புல்லைத் தின்று, ராத்திரி நம் வயலில் வந்து உரமாக்குகிறது. மலையடிவாரத்துச் சத்தை நடந்தே கொண்டுவந்து சேர்க்கிற ஏற்பாடு. புலிக்குளம் மாட்டையும் இதே மாதிரிக் கிடையாகத்தான் வளர்த்தார்கள். ஜல்லிக்கட்டில் அதைக் கொண்டாடுகிறோம். அந்த இனம் நிலைக்க மேய்ச்சல் வெளி வேண்டும் என்பதை வாடிவாசலுக்கு வெளியே யாரும் பேசுவதில்லை.

இங்கே நம் இயக்கத்து நண்பர்கள் சிலருக்குக் கோபம் வரலாம், வந்தாலும் சொல்கிறேன். மேய்ச்சல் வெளியில் மரம் நடாதீர்கள். மரம் நல்லது, யார் இல்லை என்றார்கள்? வரப்போரம் நடுங்கள், வீட்டுக்கொல்லையில் நடுங்கள், சாலையோரம் நடுங்கள், பள்ளிக்கூடத்தில் நடுங்கள். புல்வெளியில் நட்டால் முதலில் வேலி வரும், வேலி வந்தால் ஆடு வெளியே. ஆடு போனால் கிடை போச்சு. மரம் தழைத்தால் நிழலில் புல் சாகும். புல்வேர் பிடித்திருந்த மேல்மண் அடுத்த பெருமழைக்கு நேராகக் கண்மாய்க்குள் இறங்கும். தண்ணீர் வேகம் குறைந்து, கசிந்து, மெதுவாகப் போக வேண்டிய இடம் அது. 1980களில் சமூகக் காடுகள் திட்டம் என்று கண்மாய் உள்வாய்களில் வரிசையாகக் கருவேல் நட்டார்கள். அதை நட்டவர்களும் நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்கள். இன்றைக்குத் தூர்வார மெஷினை இறக்கும்போது அந்த வேர்களோடு மல்லுக்கட்டுவது யார் என்று கேட்டுப் பாருங்கள். சீமைக்கருவேல் கதையைச் சொல்லவே வேண்டாம், அதற்குத் தனி இதழ் போடணும்.

புல்வெளி முடிந்து மலைச்சரிவில் புதர்க்காடு. நிமிர்ந்த மரம் குறைவு. உசிலை, வெள்வேல், மஞ்சணத்தி, காரை, சூரைமுள், இடுக்கில் பிரண்டை, பாறையோரம் நொச்சியும் ஆடாதோடையும். நாம் ஐந்திலைக் கரைசலுக்கு இலை தேடி அலைகிறோமே, அதெல்லாம் இங்கே வரிசை கட்டி நிற்கிறது. ஆடு தின்னாத இலை, ஒடித்தால் பால் வருகிற இலை, கசக்கிற இலை என்று தாத்தன்மார் பார்த்து வைத்தது இப்படிப்பட்ட சரிவுகளில்தான். இந்தக் காடு இல்லை என்றால் ஐந்திலைக் கரைசலும் கடையில் பாட்டிலில் வாங்குகிற சரக்காகிவிடும். ஏற்கெனவே பாதி ஆகிவிட்டது.

பறவை பார்க்கிற பழக்கம் எனக்குப் பெரிதாகக் கிடையாது. ஆனால் பாறை முகட்டில் ஒரு வல்லூறு இறக்கையை ஒடுக்கிக்கொண்டு கல் விழுகிற மாதிரி இறங்கியபோது ஒன்பது பேரும் வாயடைத்துப் போனோம். வயலில் ஆந்தைக்கும் வல்லூறுக்கும் என்று குச்சி ஊன்றி வைக்கிறோம். குச்சி நம்முடையது, அது கூடு கட்டுகிற பாறை ஊருக்குப் பொது. பாறையை வெட்டிவிட்டு வயலில் குச்சி ஊன்றி என்ன பிரயோஜனம்?

கழிஞ்சமலையில் சமணர் படுக்கைகளும் தமிழிக் கல்வெட்டும் இருக்கின்றன. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேற்பட்டது. ஒரு கல்வெட்டு 1971இலும் இன்னொன்று 2003இலும் கண்டுபிடிக்கப்பட்டன. அதில் ஒன்றில் வரும் கொடையாளியின் ஊரை நெல்வேலி என்று படிக்கிறார்கள். பெயரிலேயே நெல்லை வைத்திருக்கிறான், நம்ம ஆள்தான் என்று ஒருத்தர் உரிமை கொண்டாடினார். கொஞ்சம் தள்ளித் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பம், வட்டெழுத்து. அந்த மலையைத் திருப்பிணையன் மலை என்று குறிக்கிறது, செய்வித்தவர் அச்சணந்தி. இன்னொரு பக்கம் முற்காலப் பாண்டியரின் குடைவரைச் சிவன் கோயில், வாசலில் லகுலீசர். இவற்றை விரிவாக எழுத எனக்குத் தகுதி இல்லை. 2010 வாக்கில் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கிய பசுமை நடை மதுரைக்காரர்களை இந்த மலைகளுக்குக் கூட்டிப்போய் அந்த வேலையை நன்றாகச் செய்துகொண்டிருக்கிறது. நான் கவனித்தது ஒன்றைத்தான். சமணத் துறவியோ சிவபக்தரோ, யார் வந்து தங்கினாலும் சுனை பக்கத்தில் இருக்கிறது. படுக்கையை வெட்டும்போது மழைநீர் உள்ளே வராமல் மேலே நெற்றியில் காடி வெட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு சொட்டும் எங்கே போகணும் என்று யோசித்தவர்கள்.

மேலே உட்கார்ந்து கட்டுச்சோறு பிரித்தோம், புளியோதரை. ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு ஹெக்டேரில் பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். பாரம்பரியத் தலம் மட்டும் 193 ஹெக்டேர் என்றால், ஒரு நல்ல மழைக்கு 1 கோடியே 93 லட்சம் லிட்டர். மொட்டைப் பாறை குடிப்பது கொஞ்சம்தான், மிச்சத்தைக் கீழே தள்ளிவிடும். சுனை நிறைந்து, சரிவுக்காடு தடுத்து, புல்வெளி கசியவிட்டு, கண்மாய் தேக்கி, கலுங்கு மறுகாலாக அடுத்த கண்மாய்க்கு. யாரும் கரண்ட் பில் கட்டவில்லை.

இப்போது டங்ஸ்டன் விஷயம். 2024 நவம்பர் 7ஆம் தேதி ஒன்றிய அரசின் சுரங்க ஏலத்தில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பகுதி இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு என்று அறிவிப்பு வந்தது. பரப்பு 2015.51 ஹெக்டேர். பாரம்பரியத் தலத்தின் பெரும்பகுதி அதற்குள்ளே. அரிட்டாபட்டி, எட்டிமங்கலம் என்று ஊர் ஊராகக் கிராமசபையில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரைக்கும் சனம் நடந்தே வந்தது. ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து.

இதை எல்லாரும் வெற்றி என்று எழுதினார்கள், வெற்றிதான். ஆனால் எதனால் ஜெயித்தோம் என்பதில் எனக்கு ஒரு தனிக் கருத்து உண்டு. 193 ஹெக்டேர் சட்டக் காகிதம் 2015 ஹெக்டேர் ஏலத்தைத் தடுக்கவில்லை, காகிதம் கையில் இருக்கும்போதுதான் ஏலம் நடந்தது. தடுத்தது, தன் கண்மாய்க்குத் தண்ணி எங்கிருந்து வருது என்று தெரிந்த சனம். ஆடு மேய்க்கிறவருக்கும் விறகு பொறுக்குகிற ஆத்தாவுக்கும் நீர்பாய்ச்சிக்கும் அந்த மலை காலில் பழகியது. அதே மேலூர் வட்டாரத்தில் கிரானைட்காரர்கள் குன்று குன்றாக அறுத்தபோது எத்தனையோ ஊரில் ஆள் திரளவில்லை. சகாயம் ஐ.ஏ.எஸ்ஸை உயர் நீதிமன்றம் 2014இல் சட்ட ஆணையராக நியமித்து விசாரிக்கச் சொல்லும் நேரத்தில், போன குன்று போனதுதான். வரத்துக்கால் அடைபட்ட கண்மாய்கள் இன்றும் இருக்கின்றன. அரிட்டாபட்டிக்காரர்கள் தங்கள் மலையில் கல்குவாரியை முன்னமே எதிர்த்து நிறுத்தியவர்கள். பழகின கால்தான் ரோட்டுக்கும் வரும்.

இன்னொரு ஆபத்தும் வருகிறது, இது கொஞ்சம் நாசூக்கானது. பேர் வாங்கிவிட்ட ஊருக்கு ஞாயிற்றுக்கிழமை காரில் ஆள் வருகிறது. பாறை மேல் பிளாஸ்டிக் பாட்டில், சுனையில் சாம்பல் மிதக்கிற பிஸ்கட் கவர், ஸ்பீக்கரில் பாட்டு. நாளைக்குக் கேட் போட்டு, டிக்கெட் அடித்து, மேய்ச்சல் வெளியை வாகன நிறுத்தம் ஆக்கலாம் என்று யாராவது கிளம்புவார்கள். சுற்றுலா வேண்டாம் என்பதல்ல. உள்ளூர்க்காரர் ஒருத்தர் முன்னே நடக்க, சிறு கூட்டமாக, வண்டியை ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போகட்டும், அவருக்கு நாள்கூலியாவது கொடுக்கட்டும். பல்லுயிர்த் தலம் என்று அறிவித்தாலே ஆடு மேயக் கூடாது என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். அப்படி இல்லை. ஊர் மக்கள் வழிவழியாகச் செய்துவரும் பழக்கங்களை, அவர்களே விரும்பி விட்டால் ஒழிய, இந்த அறிவிப்பு தடுக்காது என்பதுதான் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் வழிகாட்டுதல். 2025 மார்ச்சில் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் வீரகோயில் கோயில்காடு வெறும் 4.97 ஹெக்டேர், அதுவும் பாரம்பரியத் தலமாகிவிட்டது. ஆக, சின்ன இடம் என்று எந்த ஊரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

நம்மாழ்வார் அய்யா ஊர் ஊராக நடந்தவர். அவர் படத்துக்கு மாலை போடுகிற நாம் கூட்டத்துக்கு பைக்கில்தான் போகிறோம். போகட்டும், வயசு, வேலை, எல்லாருக்கும் உண்டு. ஆனால் ஒரு நாள் நடை முடிகிற காரியம்தான். நடந்து வந்ததும் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர் 'அ' பதிவேட்டில் மேய்க்கால் புறம்போக்கு, கல்லாங்குத்து, ஓடை, வரத்துக்கால் எந்தெந்தச் சர்வே எண், எத்தனை ஏக்கர் என்று நகல் வாங்குங்கள். நடந்து பார்த்த இடத்தோடு ஒப்பிடுங்கள். காகிதத்தில் 40 ஏக்கர், தரையில் 22 ஏக்கர் என்று இருந்தால் கேள்வி கேட்க அது போதும். கிராமப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டு ஊருக்கே ஒப்படைக்கணும் என்று 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலத்துக்கும் உத்தரவிட்டிருக்கிறது, அதை மனுவில் குறிப்பிடலாம். 2002ஆம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்கணும். கிராமசபையில் எழுந்து, 'அந்தப் பதிவேட்டைக் கொண்டாங்க, அதில் புல் பேர் இருக்கா பார்ப்போம்' என்று கேளுங்கள். இருந்தால், உங்கள் ஊர் ஆட்டுக்காரரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விட்டுப்போனதை அவர் சொல்வார்.

எங்கள் ஊர்ப் பதிவேட்டுக்கு நான் மனு கொடுத்திருக்கிறேன். நகல் கைக்கு வந்ததும், அறுப்பு முடிந்த மாசியில் எங்கள் கண்மாயின் வரத்துக்காலைப் பிடித்துக்கொண்டு மேலே போவதாக ஏற்பாடு. இந்தத் தடவை மந்தைக்காரப் பெரியவர் ஒருத்தர் முன்னே நடக்க ஒத்துக்கொண்டிருக்கிறார். ஒரே நிபந்தனை போட்டார், அவர் ஆடு நடக்கிற வேகத்துக்குத்தான் நாங்களும் நடக்கணுமாம்.